டீ குடிக்கப் போகாதவர்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், என் மகளின் கல்யாணத்தன்று, ஒரு நல்ல மனிதரைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். மூன்றே சொற்கள். "டீ குடிக்கப் போயிருப்பான்." அந்த மூன்று சொற்களால், திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் புத்தூரில் அவருடைய தொழில் போயிற்று. பொய்தான் சொல்கிறோம் என்றால் கொஞ்சம் பொருத்தமாகவாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு டீ பிடிக்காது. வாசனை வந்தாலே தள்ளிப் போய் நிற்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

அவர் கல்யாண போட்டோகிராபர். பெயரை எழுதப் போவதில்லை. ஒருமுறை நான் கெடுத்தது போதும். புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாதி அறை ஸ்டுடியோ, மீதிப் பாதி அவர் மனைவியின் தையல் கடை. நடுவில் ஒரு நீலத் திரை. போட்டோவுக்குப் பின்னணியும் அதுதான், இரண்டு கடைக்கும் சுவரும் அதுதான். இந்தப் பக்கம் நாம் விறைப்பாக உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓடும்.

"மெஷின் சத்தம் நின்னா உஷாரா இருங்க சார். மூஞ்சி எப்படின்னு பாக்கறதுக்கு எட்டிப் பாப்பா. அவ பாத்து சிரிச்சிட்டா அப்புறம் நான் எடுத்து புண்ணியம் இல்ல" என்பார். நாம் சிரித்துவிடுவோம். அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.

யாரையும் அவர் சிரிக்கச் சொன்னதே இல்லை. "சிரிங்கன்னு சொன்னா பல்லுதான் சார் வெளிய வரும்" என்பது அவர் கட்சி. மேடையில் மாப்பிள்ளை மரம் மாதிரி நின்றால், கேமராவுக்குப் பின்னாலிருந்து கவலையான குரலில், "மாப்ளே, வேட்டி" என்று மட்டும் சொல்வார். தெலுங்கு மாப்பிள்ளையானால், "பாவகாரு, பஞ்ச." மாப்பிள்ளை பதறிக் குனிந்து பார்ப்பான். எல்லாம் சரியாகவே இருக்கும். அப்பாடா என்று நிமிர்வான் பாருங்கள், அந்த முகம்தான் அவருக்கு வேண்டும். புத்தூர், நகரி வட்டாரத்தில் முப்பது நாற்பது வீடுகளின் கூடத்தில் மாட்டியிருக்கும் மாப்பிள்ளைகள் தங்கள் வேட்டி பத்திரமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருப்பவர்கள்தான்.

புதிய பாணி எதுவும் அவரிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு செய்வார். "கேண்டிட்னு ஒண்ணு வந்துக்குது சார். கேமரா இருக்கறதே தெரியாத மாதிரி நிக்கணும். அப்படி நிக்கறதுக்கு அரை மணி நேரம் ஒத்திகை." தலக்கோனா அருவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஜோடிகளை அழைத்துப் போய்ப் படம் எடுக்கும் வழக்கம் வந்தபோது, நனைந்து நடுங்கிய ஒரு பெண்ணுக்குத் தன் துண்டைக் கொடுத்துவிட்டு, தோளில் துண்டில்லாமல் ஸ்டுடியோ திரும்பினார். மனைவி, "துண்டு எங்க?" என்று கேட்டாள். "அருவி அடிச்சிக்கினு போயிட்டுது" என்றார்.

இப்படி ஓயாமல் பேசுகிறவர்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விநோதம் இருந்தது. மணிக்கணக்கில் கேட்டாலும் அதில் யாரைப் பற்றியும் ஒரு செய்தி இருக்காது. கல்யாண வீட்டில் எல்லாருடைய முகத்தையும் மிக அருகில் பார்க்கிற ஒரே ஆள் போட்டோகிராபர். பெண் அழுதது எதற்கு, சம்பந்திகள் முறைத்துக்கொண்டது எதற்கு, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது.

அவர் மனைவிக்கு இதுதான் பெரிய குறை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் ஒருநாள் முறையிட்டாள்: "நகரியில பெரிய வீட்டுக் கல்யாணம் சார். மாப்ளையோட அண்ணங்காரன் கோச்சிக்கினு மேடையிலருந்து இறங்கிப் போயிட்டானாம். ரவிக்கை தைக்க வர்ற பொம்பளைங்க எல்லாம் அதையே பேசுது. இந்த ஆளு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. இன்னா நடந்துதுன்னு கேட்டா, சாம்பார் நல்லா இருந்துதுன்றாரு."

"நல்லாத்தான் இருந்துது" என்றார் அவர், லென்ஸைத் துடைத்தபடி.

ஒரே ஒருமுறை அந்த மௌனத்தின் உள்பக்கத்தை நான் பார்த்தேன். பாலசமுத்திரத்தில் என்னோடு வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணம். நான் இவருக்குப் பக்கத்தில் நின்று, எடுத்த படங்களை கேமராவின் சிறு திரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் மணமக்களுக்குப் பின்னால், பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர், வரவேற்பு மேஜையிலிருந்த வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைத் தன் தாம்பூலப் பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். கிண்ணம் பாதி உள்ளே, பாதி வெளியே. அவ்வளவு தெளிவான படம்.

இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நேரே அவரிடம் போனார். "பெரியவரே, நீங்களும் ஜோடியோட ஒண்ணு நில்லுங்க. ஆனா இந்தப் பை போட்டோவுல துருத்திக்கினு தெரியும். உள்ள கனமா எதனா இருந்தா அந்த மேஜை மேல வச்சிட்டு வந்துடுங்க. நான் வெயிட் பண்றேன்."

பெரியவர் போனார், வைத்தார், வந்து நின்றார். இவர் படம் எடுத்தார். பிறகு பழைய படத்தை அழித்துவிட்டு என்னைப் பார்த்து, "சார், நீங்களும் பாக்கல" என்றார்.

அவருடைய சொந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் மனம்விட்டுப் பேசுவார். வேறு யார் எடுத்தாலும் திருப்தி வராது என்று, தன் கல்யாணத்தைத் தானே எடுத்தார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, டைமரைத் திருகிவிட்டு, ஓடி வந்து மணையில் உட்காருவாராம். அந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று கேமராவைப் பார்க்கிறார்.

"தாலி கட்டும்போது என்னைப் பாக்கல சார் இந்த ஆளு" என்பாள் அவள்.

"பாத்திருந்தா நீ அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆயிருப்ப" என்பார் அவர்.

என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது படம் எடுக்க அவரிடம்தான் அழைத்துப் போனேன். அவளுக்குத் தெத்துப்பல். வாயை மூடியபடி ஒரு படம் போதும் என்று நான் அவர் காதில் சொன்னேன். அவர் சத்தமாக, "பல்லை மறைச்சி குடுத்தா, கல்யாணம் ஆன மறுநாள் அது திரும்பி வந்துடும் சார், இன்னா பண்ணுவீங்க?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தார். பலமனேரிலிருந்து ஒரு தெலுங்குக் குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரே கிளம்பி வந்தது. அந்தப் பையனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கல்யாணம் திருப்பதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு. நம் தமிழ் வீடுகளில் முகூர்த்தம் என்றால் தாலி. தெலுங்குக் கல்யாணத்தில் அப்படி இல்லை. முகூர்த்த நேரத்தில் பெண்ணும் பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து வைப்பார்கள். ஜீலகர்ர பெல்லம் என்று பெயர். தாலி அதற்கப்புறம்தான், வேறு சில சடங்குகள் முடிந்து. ஜீலகர்ர பெல்லம் சரியான நேரத்தில் நடந்தது. நான் புரோகிதரிடம், "இங்கா எந்தசேபு சாமி?" என்று தாலிக்கு நேரம் கேட்டேன். அரை மணி ஆகும் என்றார்.

அப்போது என் கண், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சீஃப் இன்ஜினியர் மேல் விழுந்தது. நான் அரசாங்கத்தில் இன்ஜினியர். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. என் மேலதிகாரிகளிலேயே உயர்ந்தவர் என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். அன்று இன்னும் மூன்று கல்யாணங்களுக்குப் போக வேண்டியவர், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அவர் என் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு ஒரு படம் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. இன்று எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

மேடை ஓரம் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றிருந்தார் நம் போட்டோகிராபர். "ஒரு நிமிஷம் வாப்பா" என்றேன்.

"தாலி முடியட்டும் சார். இந்த இடத்தை விட்டா திரும்பக் கிடைக்காது. பின்னால நாலு அத்தைங்க கண்ணு வச்சிக்கினு நிக்குது."

"அரை மணி இருக்குது. ஞாயித்துக்கிழமை, ராகு காலம் சாயந்திரம் நாலரைக்குத்தான். யாருக்கு இன்னா அவசரம்?" என்று சொல்லி, கேமரா வாரைப் பிடித்து இழுத்தேன். இறங்கி வந்தார்.

இங்கேதான் என் தப்புக் கணக்கு. நாம் ராகு காலம் பார்ப்போம். அவர்கள் வர்ஜ்யம் பார்ப்பார்கள். அதுவும் ஒரு கெட்ட நேரம்தான், நாளுக்கு நாள் மாறும். நம் பஞ்சாங்கத்திலும் தியாஜ்யம் என்று ஓரத்தில் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நான் மேடைப் பக்கத்தை விட்டு வந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி, வர்ஜ்யம் நெருங்குகிறது, அதற்குள் தாலி ஏறியாக வேண்டும் என்று புரோகிதரை விரட்டியிருக்கிறார்.

சாப்பாட்டுக் கூடத்தில் சீஃப் இன்ஜினியரின் வாயில் முழு போளி இருந்தது. "சார், முழுங்கிடுங்க, மெதுவா. அவசரம் எல்லாம் எனக்குத்தான்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரிக்க வைத்து, நான் பக்கத்தில் குனிந்து நிற்க, ஒரு படம் எடுத்தார். இலை தெரியும்படி இன்னொன்று என்றேன். அந்த இன்னொன்றை எடுக்கும்போது மேடையில் கெட்டிமேளம் கொட்டியது.

அவர் ஓடினார். நானும் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது முடிச்சும் விழுந்து, எல்லாரும் கையிலிருந்த அட்சதையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மொபைலில் எடுத்தவர்கள் நூறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் படத்திலும் இருந்தது மற்ற தொண்ணூற்றொன்பது மொபைல்கள். வீடியோவில் புரோகிதரின் முதுகு இரண்டு நிமிடம் ஓடுகிறது. சம்பந்தியம்மா முகம் சிவந்து, "போட்டோகிராபர் எக்கட?" என்று கேட்டார். என் மனைவியும் என் பக்கம் திரும்பி, "போட்டோக்காரர் எங்கங்க போனாரு?" என்றாள்.

அவர் எனக்குப் பின்னால் நான்கடி தூரத்தில், கூட்டத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "டீ குடிக்கப் போயிருப்பான்" என்றேன். நேரில் வாப்பா போப்பா என்பேனே தவிர, அதுவரை அவரை ஒருநாளும் நான் அவன் இவன் என்று பேசியதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, "தப்புதாங்கம்மா" என்றார். ஸ்டூலில் ஏறினார். "பாவகாரு, இன்னும் நிறைய இருக்குது, இப்பவே களைச்சிட்டா எப்படி" என்று ஆரம்பித்தார். மாலை வரை ஒரு சடங்கு விடாமல் எடுத்தார். ஆல்பம் மிக நன்றாக இருந்தது. ஒரு பக்கம்தான் இல்லை.

ஊருக்கு இவ்வளவு போதும். டீ ஸ்டுடியோ என்று பேர் வந்துவிட்டது. தேதி கொடுக்க வந்தவர்கள், "தாலி கட்டும்போது இருப்பீங்களா, இல்ல டீயா?" என்று கேட்டார்கள். "ஃப்ளாஸ்க்ல எடுத்துக்கினு வந்துடறேன்" என்று அவரும் சேர்ந்து சிரித்தாராம். சிரித்துவிட்டு அவர்கள் வேறு ஆளிடம் போனார்கள். இரண்டு கல்யாண சீசன் பார்த்துவிட்டு, நீலத் திரையைச் சுருட்டிக்கொண்டு, தையல் மெஷினோடும் மனைவியோடும் வரதய்யபாளையத்துக்குக் குடிபோய்விட்டார்.

நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? முதல் நாள் மனைவிக்குப் பயம். இரண்டாம் நாள் சம்பந்திக்கு வெட்கம். அப்புறம் அந்தப் பொய் எனக்குப் பழகிவிட்டது. உறவுக்காரர்கள் கூடும்போது நானே அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வேன். நாளடைவில் டீயோடு ஒரு பிஸ்கட்டையும் சேர்த்தேன்.

போன வருஷம் எனக்கு எழுபது. பீமரத சாந்தி செய்ய வேண்டும் என்று மகள் பெங்களூரிலிருந்து சொன்னாள். ஏற்பாடுகள் பேசும்போது என் மனைவி, "போட்டோவுக்கு நல்ல ஆளா பாருங்க. அந்த டீக்காரர் மாதிரி ஆள் வேணாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அவர் பேரே மறந்துவிட்டிருந்தது. மறுநாள் வரதய்யபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

பக்கத்திலிருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இவ்ளோ சந்தோஷமா இருக்காதம்மா. இன்னும் வேலையில சேரவே இல்லன்னு கேட்ல கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். அவள் சிரித்தாள். படம் ஆனது.

என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க. தலை மொத்தமா வெளுத்துட்டுது. நல்லது, லைட்டு கம்மியாப் போட்டாப் போதும்" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. சாந்திக்கு அவர்தான் படம் எடுக்க வேண்டும், அன்று மைக்கில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அந்த இரண்டு படங்கள் இருந்தால் கொடுக்கும்படி கேட்டேன். எடுத்த நேரம் அதில் பதிந்திருக்கும். யார் யாரை இழுத்துப்போனது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அன்னிக்கு சாயந்திரமே அழிச்சிட்டேன் சார்."

"ஏம்பா? அதைக் காட்டியிருந்தா உன் பேரு நின்னிருக்குமே."

அவர் திரையைச் சரிசெய்தார். "காட்டியிருந்தா அடுத்த கேள்வி இன்னா வரும்? அப்போ தாலி கட்டும்போது பொண்ணோட நைனாவும் இல்லையான்னு கேப்பாங்க. போட்டோ இல்லன்னா ஆல்பத்துல ஒரு பக்கம் காலி. நைனா இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு..." நாற்காலியைத் திரைக்கு முன்னால் நகர்த்திப் போட்டார். "விடுங்க சார். மைக்கெல்லாம் வேணாம்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி, நான் கூட்டத்தில் எங்கோ நின்றேன் என்றே நினைத்திருந்தாள். பொய் சொன்னது போட்டோவுக்காக மட்டும் அல்ல. என் ஒரே மகளுக்குத் தாலி ஏறியபோது நான் ஒரு போளிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். அதை மறைக்கத்தான்.

சாந்தி புத்தூரில் நடந்தது. அவர் ஸ்டூலோடு வந்தார். நான் மைக்கைப் பிடித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் டீ குடிக்கப் போகவில்லை, நான்தான் இழுத்துப் போனேன், நானும் மேடையில் இல்லை, பத்து ஆண்டுக்கு மேல் அவர் பழி சுமந்தார், எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கை கூப்பினேன்.

ஒருவரும் நம்பவில்லை.

"பாத்தியா, எவ்ளோ பெரிய மனசு. அந்த ஆளைக் காப்பாத்தறதுக்குப் பழியைத் தன் மேல போட்டுக்கிறாரு" என்றார் என் மைத்துனர். நாலு பேர் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய சீஃப் இன்ஜினியரைச் சாட்சிக்குப் பார்த்தேன். "நாக்கேமி குர்து லேதய்யா" என்று, ஒன்றும் நினைவில்லாமல் கையை விரித்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ போளி. ஸ்டூல் மேலிருந்து போட்டோகிராபர், "சார் இன்னிக்கு சந்தோஷத்துல எதனா சொல்வாரு. எல்லாரும் இப்படிப் பாருங்க" என்றார். கூடமே சிரித்தது.

சடங்கு முடிந்து அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது மகள் வந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் நைனா" என்றாள்.

"அவர் சொன்னாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? தலையைக் குனியச் சொன்னாங்க. குனியறதுக்கு முன்னால உங்களைத் தேடினேன். அம்மா இருந்தாங்க, மாமா இருந்தாரு. நீங்க இல்ல." வளையலைத் திருகினாள். "இன்னிக்கு மைக்ல போட்டோகிராபர்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க. கேக்க வேண்டியதுதான். நானும் முன்னாலதான் உக்காந்துக்கினு இருந்தேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அப்போது அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"இப்போ நான் கேக்க வச்சிக் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஐந்து வாரம், போன் செய்தால் நான் எடுத்ததும், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள். ஆனால் பலமனேரில், சாந்திக்கு வராத தன் மாமியார் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் உடனே நம்பிவிட்டார்கள். பெண்ணைக் கொடுத்தவரைப் பற்றி இப்படி ஒரு செய்தியை நம்பச் சம்பந்தி வீட்டுக்கு என்ன கஷ்டம்?

ஒருநாள் வரதய்யபாளையத்திலிருந்து போன் வந்தது. "சார், பலமனேர்ல உங்க சம்பந்தி வீட்டுக் கல்யாணம், மாப்ளையோட சித்தப்பா பொண்ணுக்கு. போட்டோ நான்தான். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. நீங்க வந்தீங்கன்னா, உங்க பக்கமே நான் போகக் கூடாதாம்."

"அது நடந்ததுதான்னு நீயும் அவங்ககிட்ட சொன்னியாப்பா?"

"எனக்கு ஞாபகசக்தி கம்மி சார்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு நானும் மனைவியும் போனோம். பூ மாலைகளுக்கு நடுவில் அவர் ஸ்டூலில் நின்று, வாய் ஓயாமல் பேசி, மேடையையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதன் பிறகு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கல்யாணங்கள் வந்திருக்கின்றன. புத்தூரில் இன்றைக்கும் டீ ஸ்டுடியோதான்.

நான் ஒன்பதாவது வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் மேடைப் பக்கமிருந்து இறங்கி வந்து, என் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடத் தட்டில் கொண்டுவந்தார்கள். அவள் தொட்டாள், நான் தொட்டேன். தட்டு மேடைக்குத் திரும்பியது.

கெட்டிமேளம் கொட்டியது. மண்டபம் முழுவதும் எழுந்து மேடையைப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.